உலகம் அழியும் கதையில் மகிழ்ச்சிக்கு என்ன வேலை?

மழைமானி, 2 பிப்ரவரி

சூழல் சீரழிவை வைத்து எழுதும் நாவல்களில் நம்பிக்கை என்ற பெயரில் வருவது ஒரே சரக்குதான். முன்னூறு பக்கம் வறட்சி, கொள்ளை, சாவு. முடிவில் சாம்பலுக்கு நடுவே ஒரு பச்சைத் தளிர். இல்லாவிட்டால் ஒரு கர்ப்பிணி. அதுவும் இல்லாவிட்டால் வானொலியில் கரகரவென்று ஒரு குரல். என் கட்சி இது: இந்த வகைக் கதையில் மகிழ்ச்சி பொய். இருட்டை இருட்டாகவே எழுதிவிட்டுப் போவதுதான் நேர்மை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வண்டல், 2 பிப்ரவரி, இரவு

அந்தத் தளிர் பொய்யாகத் தோன்றுவதற்குக் காரணம், அதை யாரும் விதைக்கவில்லை. முன்னூறு பக்கத்தில் ஒருவர்கூட விதையை உலர்த்தவில்லை, எலியிடமிருந்து காக்கவில்லை, பசித்தபோது தின்னாமல் இருக்கவில்லை. பிறகு முளைத்தால் அது ஆசிரியர் முளைக்க வைத்தது. வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

விதையையே எடுத்துக்கொள்வோம். வெங்காய விதையைச் சும்மா வைத்திருந்தால் ஓரிரு வருடம்தான் முளைப்புத் திறன் இருக்கும். தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு. விதைச் சேமிப்பில் எல்லாரும் போடும் பழைய கணக்கு இது. ஆக, கதைக்குள் வெங்காயம் இருக்க வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது அதை விதைத்தே தீர வேண்டும். பெரிய வெங்காயம் முதல் வருடம் பூக்காது. வெங்காயத்தைப் பத்திரப்படுத்தி மறுவருடம் நட்டால்தான் பூவும் விதையும். நடுவில் ஒரு பஞ்சம் வந்து அதைச் சமைத்துவிட்டால் அந்த ரகம் அங்கே முடிந்தது. இப்போது கதைக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது, ஒரு சண்டையும் கிடைத்துவிட்டது: பசியோடு இருக்கும் வீட்டில் அந்த இருபது வெங்காயத்துக்கு யார் காவல்?

இன்னொன்று. கடை விதை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்காது. முதல் வருட அறுவடையில் கொண்டாடுபவர்கள் இரண்டாம் வருடம் திகைத்து நிற்பார்கள். ஐந்தாறு வருடம் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தால் அந்த மண்ணுக்கென்று ஒரு ரகம் படிந்து வரும். நாவலின் காலம் எவ்வளவு என்பதைக்கூட இது முடிவு செய்துவிடும்.

பசியிலும் விதையைத் தின்னாமல் இருந்தவர்கள் உண்டா என்றால், உண்டு. ரஷ்ய நகரமான லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டது, 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாள். அங்கே வாவிலோவ் என்ற தாவரவியல் அறிஞர் சேர்த்த விதைக் களஞ்சியத்தில் வேலை பார்த்த ஆய்வாளர்கள் சிலர், மூட்டை மூட்டையாகத் தானியம் பக்கத்தில் இருக்க, பசியால் இறந்தார்கள். வாவிலோவ் அப்போது சிறையில். 1943 ஜனவரியில் அவரும் சிறையிலேயே இறந்தார். களஞ்சியம் பிழைத்தது. இதைவிட இருட்டான கதை எது? இதைவிட நம்பிக்கையான கதையும் எது?

மழைமானி, 3 பிப்ரவரி

ஒப்புக்கொள்கிறேன், அது நம்பிக்கைதான். ஆனால் நான் கேட்டது மகிழ்ச்சி. தியாகம் செய்து செத்துப்போவதில் மகிழ்ச்சி எங்கே வந்தது?

வண்டல், 3 பிப்ரவரி

சரியான கேள்வி. இரண்டும் வெவ்வேறு சங்கதி. நம்பிக்கைக்கு நாளை என்று ஒன்று வேண்டும். மகிழ்ச்சிக்கு வேண்டாம். நாளை சாகப்போகிறவனும் இன்று விழுந்து விழுந்து சிரிப்பான். பல நாவல்களில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போவதால்தான், ஆறுதலான சம்பவம் ஒன்று வந்தாலே "ஆகா, எல்லாம் சரியாகப் போகிறது" என்று பின்னணியில் வயலின் கேட்கிறது. அங்கேதான் பொய் நுழைகிறது.

அதே லெனின்கிராட், 1942 ஆகஸ்ட் 9. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை வானொலி இசைக்குழு வாசித்தது. குளிர்காலத்தில் பாதிப்பேர் செத்தோ படுத்தோ போயிருந்தார்கள். போர்முனையிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். முதல் ஒத்திகை சில நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை, ஊதுகருவிக்காரர்களுக்கு மூச்சு இல்லை. வாசிக்கிறவர்களுக்குக் கூடுதல் உணவுப் பங்கு ஒதுக்கினார்கள். கச்சேரி நடக்கும் நேரத்தில் எதிரியின் பீரங்கிகள் வாய் திறக்காதபடி முன்கூட்டியே அவற்றின் மேல் குண்டு பொழிந்தார்கள். ஒலிபெருக்கி வைத்து எதிரியின் காதிலும் விழும்படி ஒலிபரப்பினார்கள்.

அன்று முற்றுகை விலகவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் நீடித்தது. ஆனால் அரங்கில் இருந்தவர்கள் அடைந்த மகிழ்ச்சி பொய்யா? எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கூடுதல் உணவுப் பங்கை. மகிழ்ச்சியின் செலவுக் கணக்கு கதையில் தெரிய வேண்டும். யார் வயிற்றிலிருந்து எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு எண்ணெய் எரிந்தது, மறுநாள் எது குறைந்தது. கணக்கு இல்லாத கொண்டாட்டம்தான் திகட்டுகிறது.

கூழாங்கல், 5 பிப்ரவரி

சிம்பொனி எல்லாம் அரசாங்கம் பின்னால் நின்று நடத்தியது. ஒழுங்கே குலைந்த பிறகு மனிதன் மனிதனைத் தின்பான். நாவல்கள் அதைத்தான் சொல்கின்றன, அது யதார்த்தம்.

வண்டல், 5 பிப்ரவரி

யதார்த்தம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சினிமா பழக்கிவிட்டது. பேரிடர் நேரத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கென்றே ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963இல் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் சமூகவியலாளர் குவாரன்டெல்லி. பல பத்தாண்டு களப்பணியில் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது: பீதியில் தறிகெட்டு ஓடுவது அபூர்வம். இடிபாட்டிலிருந்து ஆட்களை இழுத்துப்போடுவது பெரும்பாலும் அண்டை வீட்டார்தான். மீட்புப் படை பிறகுதான் வந்து சேர்கிறது.

ஒன்பதாம்பக்கம், 6 பிப்ரவரி

வண்டல் சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. அந்த ஆய்வுகள் நிலநடுக்கம், புயல், வெள்ளம் போன்ற திடீர் அடிகளைப் பற்றியவை. சூழல் வீழ்ச்சி அப்படி வராது, வருடக்கணக்கில் இழுக்கும். பஞ்சங்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டும் படம் வேறு. முதலில் பகிர்தல் கூடும், ஊரே ஒன்றாகும். பற்றாக்குறை நீள நீளப் பகிர்கிற வட்டம் சுருங்கும்: ஊர் போய் உறவு, உறவு போய் வீடு. கடைசிக் கட்டத்தில் வீட்டுக்குள்ளேயே தட்டு மறைக்கும் நிலை வரும்.

தவிரவும், பஞ்சம் எப்போதும் தானியம் இல்லாததால் மட்டும் வருவதில்லை. வாங்கும் சக்தியும் உரிமையும் இல்லாமல் போவதால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981இலேயே 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை வைத்து விளக்கினார். எனவே "எல்லாரும் நல்லவர்கள்" என்பதும் கதையாகாது, "எல்லாரும் மிருகம்" என்பதும் கதையாகாது. இந்த வளைகோட்டில் உங்கள் கதை எந்த மாதத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

வண்டல், 6 பிப்ரவரி

இது நான் சொன்னதைவிடப் பயனுள்ளது. இதை எழுத்துக்குக் கொண்டுவர ஒரு வழி: முதல் அத்தியாயத்திலேயே பொதுவான ஒரு பொருளை நிறுவிவிடுங்கள். ஊர் நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி, மூடி பூட்டாமல். பத்தாவது அத்தியாயத்தில் பூட்டு. இருபதில் காவல்காரன். வட்டம் சுருங்குவதைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட வேண்டியதில்லை. பிறகு ஒருநாள் பூட்டைக் கழற்றுகிறார்கள். யார் முதலில் கழற்றச் சொன்னது, எவ்வளவு எதிர்ப்பு வந்தது, முதல் வாரம் திருட்டு எவ்வளவு நடந்தது என்பதெல்லாம் வந்துவிட்டால், பூட்டில்லாத மூடியே போதும். தளிர் தேவைப்படாது.

கூழாங்கல், 8 பிப்ரவரி

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக வெட்டி, துணி, கரி, மணல், கல் போட்டு, சேற்றுத் தண்ணீரை ஊற்றி அப்படியே குடிக்கும் காட்சியை இனி எந்த நாவலிலும் படிக்கக் கூடாது.

வண்டல், 8 பிப்ரவரி

முழு ஆதரவு. அந்தப் பாட்டில் தண்ணீரைத் தெளியவைக்கும், கிருமியை விட்டுவிடும். குடித்தவர் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் விழுவார். உண்மையில் வேலை செய்கிற முறை அதைவிட எவ்வளவோ அழகானது, ஆனால் மெதுவானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெது மணல் வடிகட்டி. அடியில் சல்லி, அதற்கு மேல் 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை மெல்லிய மணல். மணலின் பருமன் 0.15 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், களிமண் இருந்தால் அடைத்துக்கொள்ளும். மணலுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். ஊற்றிய முதல் நாள் இது வெறும் மணல்தான், பாதுகாப்பு கிடையாது. இரண்டு மூன்று வாரத்தில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பாகப் பழுப்பும் பச்சையுமாக ஓர் உயிர்ப்படலம் படியும். பாக்டீரியா, பாசி, ஒருசெல் உயிரிகள் எல்லாம் சேர்ந்த கூட்டம். மேலிருந்து வரும் நோய்க்கிருமிகளை இது தின்கிறது. நம்மைக் காப்பாற்றுவது இந்தப் படலம். மணல் அதற்கு வீடு.

தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர். மெதுவான வேகத்திலேயே கணக்குப் போட்டாலும் 1 சதுர மீட்டர் பரப்பு நாளைக்கு 2,400 லிட்டர் தரும். நெருக்கடிக் காலத்தில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று நிவாரணப் பணியில் கணக்கு வைப்பார்கள். அப்படியானால் ஒரு பாய் அளவுகூட இல்லாத மணல் 160 பேருக்குப் போதும்.

எது கெடுக்கும்? தண்ணீர் வற்றி மணல் காய்ந்தால் படலம் செத்துவிடும். ஓட்டம் நாள்கணக்கில் நின்றாலும் ஆக்சிஜன் இல்லாமல் சாகும். வெள்ளக் கலங்கலை நேராக விட்டால் அடைத்துக்கொள்ளும், முதலில் ஒரு தொட்டியில் தெளியவிட வேண்டும். அடைத்துவிட்டால் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, படலம் மறுபடி வளரும்வரை சில நாள் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். உப்பையும் கரைந்த ரசாயனங்களையும் இது நீக்காது.

இப்போது நாவலாசிரியராகப் பாருங்கள். இருபது நாள் காத்திருப்பு உள்ளே இருக்கிறது. அவசரக்காரர் ஒருவர் ஐந்தாம் நாளே குடித்துவிடுவார். புயலன்று ஓட்டம் நின்றால் யாராவது ராத்திரி முழுக்கக் குடம் குடமாக ஊற்றி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். சுரண்டுகிற வேலையை முரட்டு ஆளிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவான், கை பழகிய ஒரு பெண் பலகையை வைத்து ஒரே சீராக இழுப்பாள். மகிழ்ச்சி வேண்டுமென்று நீங்கள் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. முதல் குவளையைக் குடித்துவிட்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்தக் கணம் தானாக வரும்.

மழைமானி, 9 பிப்ரவரி

இந்த வடிகட்டிக்காகவே என் கட்சியில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். மீதிப் பாதி: மனிதன் பிழைப்பான் சரி. காடு, கடல், பறவை? அவை போன பிறகு என்ன மகிழ்ச்சி?

ஒன்பதாம்பக்கம், 10 பிப்ரவரி

எது திரும்பும், எது திரும்பாது, எவ்வளவு காலத்தில் என்று தெரிந்து எழுதினால் இதற்குப் பதில் இருக்கிறது.

இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரக்கத்தோவா 1883 ஆகஸ்டில் வெடித்துச் சுட்ட சாம்பலாகக் கிடந்தது. 1884 மே மாதம் போய்ப் பார்த்தவர்களுக்கு அங்கே கிடைத்த ஒரே உயிர் ஒரு குட்டிச் சிலந்தி. காற்றில் நூல் விட்டு மிதந்து வந்திருக்கிறது, தின்ன ஒரு பூச்சிகூட இல்லாத தீவில் வலை பின்னிக்கொண்டிருந்தது. இன்று அங்கே காடு.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 காலையில் வெடித்தபோது மண்ணுக்கடியில் வளையில் இருந்த எலி இனங்கள் சில பிழைத்தன. அவை தோண்டித் தோண்டி அடிமண்ணைச் சாம்பலுக்கு மேலே கொண்டுவந்து போட்டன. அந்த மண்ணில் விதை ஒண்டியது. லூபின் என்ற ஒரு செடி வேரில் நைட்ரஜனைப் பிடித்துவைத்து மற்றச் செடிகளுக்கு இடம் பண்ணியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் கருகி நின்ற கிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்து இன்றும் நிற்கின்றன. அங்கே தளிர் பொய்யில்லை பாருங்கள். வேர் பிழைத்தது, அதனால் துளிர்த்தது.

மறுபக்கம்: அழிந்த உயிரினம் அழிந்ததுதான். உருகிய பனியாறு மூன்றாம் தலைமுறையிலும் வராது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகலாம். முதிர்ந்த காடும் அப்படியே. இருபது வருடக் கதையில் பனியாறு திரும்பினால் புத்தகத்தை மூடிவிடலாம். இருபது வருடக் கதையில் ஆற்றில் மீன் திரும்பினால், அதைத் தாராளமாக நம்பலாம். தேம்ஸ் ஆற்றை 1957இல் உயிரற்றது என்று எழுதிவைத்தார்கள். கழிவைச் சுத்திகரிக்க ஆரம்பித்த பிறகு மீன் வந்தது.

கூழாங்கல், 10 பிப்ரவரி

அணு உலை வெடித்த செர்னோபிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளை வெளியேற்றிய பகுதியில் ஓநாய் பெருகிவிட்டது, 1998இல் கொண்டுவந்து விட்ட காட்டுக் குதிரைகள் குட்டி போட்டுத் திரிகின்றன. மனிதன் போனால் உலகம் பிழைக்கும். எனக்கு அதுவே நம்பிக்கை.

வண்டல், 11 பிப்ரவரி

அந்தக் குதிரைகள் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வரியின் மேல் நாவல் கட்டுவது ஆபத்து. "மனிதன் போனால் போதும்" என்று எழுதிவிட்டால் வாசகருக்குச் செய்ய எதுவும் இல்லை, சாவதைத் தவிர. அந்தக் குதிரைகளைக்கூட மனிதர்கள்தான் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். காட்டில் அற்றுப்போன இனம் அது. சரணாலயங்களில் இனப்பெருக்கம் செய்து, எது எதனோடு சேர்ந்தது என்று வம்சாவளிப் பதிவேடு எழுதிக் காப்பாற்றினார்கள். அந்தப் பதிவேடு எழுதுகிற குமாஸ்தாவை யாராவது கதாநாயகனாக்க வேண்டும்.

கலிபோர்னியா கழுகு இனத்தில் 1987இல் உலகம் முழுக்க 27 பறவைதான் மிச்சம். எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். குஞ்சுகள் மனிதரைத் தாயென்று நினைத்துவிடக் கூடாதென்று கழுகுத் தலை மாதிரி செய்த கைப்பாவையை மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். ஒரு பெரிய மனிதர் கையில் பொம்மைத் தலையோடு, சத்தம் போடாமல், நாள் முழுக்க ஒரு குஞ்சுக்கு அம்மாவாக இருக்கிறார். இதில் துக்கம், சிரிப்பு, நம்பிக்கை மூன்றையும் பிரிக்கவே முடியாது. புனைவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்பதாம்பக்கம், 11 பிப்ரவரி

ஓசோனை யாரும் சொல்லவில்லையே. 1985இல் ஓட்டை தெரிந்தது, 1987இல் அந்தப் படலத்தை அரிக்கும் வாயுக்களைத் தடுக்க மொன்றியல் உடன்பாடு. அண்டார்டிகாவுக்கு மேலே 1980ஆம் ஆண்டு நிலை 2066 வாக்கில் திரும்பும் என்பது இப்போதைய கணிப்பு. கையெழுத்துப் போட்டவர்கள் பலர் அதைப் பார்க்க மாட்டார்கள். இதில் நாவல் வராததற்குக் காரணம் எளிது: வில்லன் இல்லை, வீரனும் இல்லை, கூட்டம் கூட்டமாகக் கமிட்டி. ஆனால் கமிட்டிக்குள்தான் உயிர் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் மருந்துக் குப்பியிலும் தடை செய்யப்பட்ட அதே வாயுதான் இருந்தது. உடனே தடுத்தால் அவர் மூச்சு திணறும். அதனால் மாற்று வரும்வரை அந்தக் குப்பிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். உலகத்தின் வானத்தையும் ஒரு நோயாளியின் நெஞ்சையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். அந்த அறையை எழுதுங்கள்.

வண்டல், 14 பிப்ரவரி

இரண்டு நாளாக ஒன்று மனதில் ஓடுகிறது. நம்மிடம் இந்தக் கலை பழையது. நல்ல நிலம் தன் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும்: குறிஞ்சியும் முல்லையும் கெட்டால் பாலை. நாம் இப்போது எழுத முயலும் நிலம் அதுதான். அந்த நிலத்தை எழுதிய கவிகள் அதில் என்ன வைத்தார்கள்?

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாட்டொன்றில், நெருப்பாகச் சுடும் அந்த வழியில் கன்று கலக்கிவிட்ட கொஞ்ச நீரை ஆண் யானை முதலில் பெண் யானைக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் குடிக்கிறது. நிழலே இல்லாத இடத்தில் கலைமான் தன் உடம்பின் நிழலில் பிணையை நிற்க வைக்கிறது. ஆண் புறா சிறகால் விசிறுகிறது. கவி சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்கவில்லை. மழை வரவில்லை, சுனை ஊறவில்லை. நீர் எவ்வளவு குறைவு என்று சொன்ன அதே வரியில் அன்பையும் வைத்துவிடுகிறார். நீர் நிறைய இருந்தால் யானை ஊட்டுவதற்கு அர்த்தமே இல்லை.

அதைவிட முக்கியம், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது. இவையெல்லாம் இருக்கும் காடு என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் திரும்பி வந்துவிடுவார் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். தானே தைரியம் சொல்லிக்கொள்கிற பேச்சு அது, அவர் வந்தாரா என்பது பாட்டுக்குள் இல்லை. ஒரு பல்லி சத்தம், ஒரு கண் துடிப்பு, அவ்வளவுதான் அவளுக்கு ஆதாரம். மழைமானி கேட்ட நேர்மையும் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது.

மழைமானி, 14 பிப்ரவரி

மானின் நிழல். சரி, மீதிப் பாதியும் போயிற்று. இனி வாதம் வேண்டாம், தொழில் பேசுவோம். எழுதுகிறவர் இதை எங்கே, எவ்வளவு வைப்பது?

வண்டல், 16 பிப்ரவரி

அளவுகோல் கிடையாது, ஆனால் தவறுகிற இடங்கள் தெரியும்.

சாவுக்கு அடுத்த அத்தியாயத்தில் சிரிப்பை வைத்தால் அது மருந்துக் கசப்புக்குப் பின் கொடுக்கும் சர்க்கரையாகிவிடும். முன்னால் வையுங்கள். நாவலின் முதல் கால்பகுதிக்குள் ஒரு முழுமையான மகிழ்ச்சி வந்துவிட வேண்டும், இழக்க ஏதாவது இருப்பதை வாசகர் உடம்பால் அறிய. பிறகு அதே சம்பவம் திரும்ப வரட்டும்: வாரத்தில் ஒருநாள் கூடிப் பாடுகிறார்கள் என்று வைத்தால், இரண்டாம் முறை ஒரு குரல் குறைவு, மூன்றாம் முறை விளக்கு இல்லை, நான்காம் முறை இதுவரை வராத ஒருவர் வந்து ஓரமாக நிற்கிறார். விளக்கவே வேண்டாம்.

குழந்தையை அடையாளச் சின்னமாக ஆக்காதீர்கள். வேலை கொடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளை வடிகட்டியின் குழாயடியில் லிட்டர் பாத்திரத்தை வைத்து, நிறைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று தினமும் எண்ணிச் சுவரில் கோடு போடட்டும். எண்ணிக்கை ஏறினால் வடிகட்டி அடைக்கிறது என்று பெரியவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அப்புறம் பெயர்கள். அழிவுக்குப் பின் பிறந்தவர்கள் பழைய உலகத்துக்காக ஏங்க மாட்டார்கள். அவர்களுடைய புயலுக்கும் புதுப் பருவத்துக்கும் அவர்களே செல்லப்பெயர் வைப்பார்கள், திட்டுவார்கள், அதை வைத்து விளையாடுவார்கள். ஏக்கம் பெரியவர்களுடையது. எல்லாப் பாத்திரங்களும் ஒரே ஏக்கத்தோடு பேசும் நாவலில் வயது வித்தியாசமே தெரியாது.

கூழாங்கல், 18 பிப்ரவரி

பாட்டு என்றீர்கள். வாத்தியம்? பராகுவேயில் கட்டேயுரா என்ற குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பில் பிள்ளைகளுக்கென்று எண்ணெய் டின்னில் வயலின் செய்து ஓர் இசைக்குழுவே நடக்கிறது. பிரேசிலின் பெரிம்பாவ் என்ற வில் வாத்தியத்துக்கு நாண் பழைய டயரின் ஓரத்திலிருந்து உரித்த எஃகுக் கம்பி. டயர்கள் நம்மையெல்லாம் விட அதிக காலம் இருக்கும், ஆக அழிவுக்குப் பிந்தைய உலகத்தில் வில் வாத்தியத்துக்குப் பஞ்சமே வராது. தோல் கருவிதான் சிரமம். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், வாசிக்குமுன் தணலில் காட்ட வேண்டும். மழை நாளில் கச்சேரி என்றால் விறகுக்கும் கணக்கு எழுதுங்கள்.

ஒன்பதாம்பக்கம், 18 பிப்ரவரி

விறகு என்றதும் மின்சாரம். இருபதாம் வருடத்தில் கார் ஓட்டும் நாவல்களை நிறுத்த வேண்டும். பெட்ரோல் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும்; பிசின் படிந்து இன்ஜின் அடைக்கும். ஆனால் யாரும் எழுதாத நல்ல செய்தி ஒன்று உண்டு. சூரியத் தகடு வருடத்துக்குச் சுமார் அரை சதவீதம்தான் திறன் இழக்கிறது. இருபதாம் வருடத்திலும் ஏறக்குறைய 90 சதவீதம் மின்சாரம் தரும். சாகிறவை பேட்டரியும் இன்வெர்ட்டரும். ஈய அமில பேட்டரி ஐந்து வருடம் ஓடினாலே பெரிது. எனவே அந்த உலகத்தில் வெயில் இருக்கும்போது மட்டும் மின்சாரம். நேர் மின்னோட்டத்தில் ஓடும் பம்பு பகலில் பேட்டரி இல்லாமலே தண்ணீர் ஏற்றும். நடுப்பகல்தான் வேலை நேரம், நடுப்பகல்தான் கேளிக்கை நேரமும். ராத்திரி நட்சத்திரம். இப்படி ஒரு நாளின் ஒழுங்கையே மாற்றி யோசித்தால் அந்த உலகம் நம் உலகத்தின் மிச்சமாக இல்லாமல் தனக்கென்று ஒரு வாழ்க்கையோடு இருக்கும்.

மழைமானி, 23 பிப்ரவரி

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு கதை தொடங்கியிருக்கிறேன். மக்காச்சோள விதை ஒன்றைக் காப்பாற்றும் ஊர். எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. அறுவடையில் முடித்தால் தளிர் கதை மாதிரியே ஆகிவிடாதா? அப்புறம், எத்தனை செடி நடுவதாக எழுதலாம்?

வண்டல், 24 பிப்ரவரி

அறுவடைக்கு முன்னால் முடியுங்கள், கதிரில் பட்டு இழை வெளிவரும் வாரத்தில். வேலை நடுவில் இருக்கும், முடிவு யார் கையிலும் இருக்காது.

செடி 200க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சில தலைமுறைகளில் வீரியம் குன்றிக் கதிர் சிறுத்துவிடும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் அடங்காது, ஊரே இடம் கொடுக்க வேண்டும். கதைக்குத் தேவையான சண்டை அங்கேயே இருக்கிறது. ஒற்றை நீள வரிசையாக நட வேண்டாம். மகரந்தம் காற்றில் வருவது, வரிசையாக நட்டால் பக்கவாட்டில் போய்விடும். கதிரில் தொங்கும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்குப் போகிறது. எந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்த இடம் பொக்கு. கட்டமாக நடுங்கள்: 14 வரிசை, வரிசைக்கு 15 செடி, வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. சுமார் பத்தரை மீட்டருக்கு நாலரை மீட்டர் இடம். வேறு ரகம் 200 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் பூக்கும் காலம் மூன்று நான்கு வாரமாவது தள்ளிப்போகும்படி விதைக்க வேண்டும். விதைக்கு நடு வரிசைகளிலிருந்து எடுக்கட்டும், ஓர வரிசைகளைத் தின்னலாம்.

மழைமானி, 24 பிப்ரவரி

காற்றே இல்லாத வாரமாக இருந்தால்?

வண்டல், 24 பிப்ரவரி

காலையில் பனி உலர்ந்த பிறகு ஆண் பூங்கொத்தைக் காகிதப் பையில் தட்டி மகரந்தத்தைச் சேர்த்து, கையாலேயே பட்டின் மேல் தூவலாம். மகரந்தம் வெயிலேறினால் சில மணி நேரத்தில் செத்துவிடும், சேமிக்க முடியாது. 210 செடிக்கு ஊரில் கை உள்ளவர்கள் எல்லாரும் ஐந்தாறு நாள் காலையில் வர வேண்டியிருக்கும். முதல் அத்தியாயத்தில் வேலிக்காகச் சண்டை போட்ட இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். தட்டுகிறவர் ஒருவர், பை பிடிக்கிறவர் ஒருவர்.